டான்சில் ஆபரேஷன்: பெரியவர்களுக்கு மூன்று நாள் போதாது



இந்த மாத நலவாழ்வுப் பாடத்தை ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தவறு என்னுடையது.

எங்கள் ஒன்றியத்தில் ஒரு குழு உறுப்பினர். வயது 31, இரண்டு பிள்ளைகள். குழுக் கடனில் வாங்கிய கறவை மாடு ஒன்று வைத்துக்கொண்டு காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். வருடத்தில் ஆறு ஏழு தடவை அவருக்குத் தொண்டை பழுத்துவிடும். எச்சில் விழுங்க முடியாது, காய்ச்சல் கொதிக்கும், கழுத்தில் நெறி கட்டும், நாலைந்து நாள் படுக்கையில் போட்டுவிடும். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, டான்சிலை எடுத்துவிடலாம் என்றார்.

குழுக் கூட்டத்தில் 15,000 ரூபாய் உள்கடன் கேட்டார். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசு வாங்காமத்தானே செய்றாங்க, அப்புறம் எதுக்குக் கடன்?" என்று ஒரு அக்கா கேட்டார். "டான்சில் சின்னப் பசங்களுக்குச் செய்றதாச்சே. எங்க அக்கா பையன் நாலாம் நாளே ஸ்கூலுக்கு ஓடினான்" என்றார் இன்னொருவர். அன்று நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். "சின்ன ஆபரேஷன்தான், மூணு நாள்ல எழுந்து நடமாடுவாங்க" என்று நானும் சேர்ந்து சொன்னேன். படித்த மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் என்று 3,000 ரூபாய் கொடுத்துத் தீர்மானம் எழுதினோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தபின் ஆறு நாள் அவர் கணவர் புல் அறுத்துப் போட்டார். அவர் லாரியில் லோடு ஏற்றுகிறவர், வேலைக்குப் போனால்தான் கூலி. ஏழாம் நாள் இவரே வயலுக்குப் போய்ப் புல் அறுத்துக் கட்டைத் தலையில் தூக்கி வந்தார். எட்டாம் நாள் நடுராத்திரியில் வாயெல்லாம் உப்புக் கரிக்கிறது என்று எழுந்து வாசலில் துப்பினார். லைட்டைப் போட்டுப் பார்த்தால் ரத்தம். துப்பத் துப்ப வந்துகொண்டே இருந்தது. கணவர் 108-க்குப் போன் செய்தார். மருத்துவமனையில் மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய் மயக்கம் கொடுத்து ரத்தக்கசிவை நிறுத்தினார்கள். ஏற்கனவே ரத்தசோகை உள்ள உடம்பு என்பதால் ரத்தமும் ஏற்ற வேண்டியிருந்தது.

இன்று அவர் நன்றாக இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

புல்லுக்கட்டு தூக்கியதால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரிடம் கேட்டேன். "சும்மா படுத்திருக்கிறவங்களுக்கும் சில சமயம் ரத்தம் வரும். ஆனா ரெண்டு வாரம் பாரம் தூக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புறோம். யார் கேக்குறாங்க?" என்றார். அந்த அம்மா கேட்காமல் இல்லை. கேட்டு நடக்க அவருக்கு வழி இல்லை. வழி செய்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

டான்சில் எது, உள்நாக்கு எது?

ஒரு கண்ணாடியும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு வாயை அகலத் திறந்து "ஆ" என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் மணி போலத் தொங்குவது உள்நாக்கு. அது எல்லோருக்கும் இருப்பது, அதற்கு வேறு வேலை. அதன் இரண்டு பக்கமும் தொண்டையின் சுவரில் பாக்கு அளவில் ஒட்டியிருக்கிற சதைதான் டான்சில். நம் ஊரில் "உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் இந்த டான்சில் வீக்கத்தைத்தான். விரலில் உப்பைத் தொட்டு உள்ளே விட்டு அமுக்கிவிடுகிற பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. சீழ் பிடித்த இடத்தை நகமுள்ள விரலால் அமுக்கினால் புண் அதிகமாகும், வேறு ஒன்றும் நடக்காது. கழுத்துக்கு வெளியே சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுவதால் டான்சிலுக்கு நன்மை கிடையாது. சுண்ணாம்பு அதிகமானால் தோல் வெந்துவிடும், கவனம்.

வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வருகிற கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பு சக்திக்குச் செய்தி சொல்வது டான்சிலின் வேலை. சின்ன வயதில் இந்த வேலை அதிகம், வளர வளரக் குறைந்துவிடும். அதே வேலையைச் செய்கிற சதைகள் நாக்கின் அடியிலும் மூக்குக்குப் பின்னாலும் கழுத்து முழுக்கவும் இருக்கின்றன. அதனால் பெரியவர்களுக்கு டான்சிலை எடுத்தால் "எதிர்ப்பு சக்தியே போயிடும்" என்று பயப்பட வேண்டியதில்லை. குரல் போய்விடுமோ என்றும் கேட்கிறார்கள். குரல் வருகிற இடம் இன்னும் கீழே இருக்கிறது. பாடுகிறவர்கள் மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

யாருக்கு எடுக்க வேண்டும்?

தொண்டை வலி வந்தவர்கள் எல்லோருக்கும் டான்சில் எடுக்க வேண்டியதில்லை. அது ஒரு காலத்தில் நடந்தது. அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் 11 வயதுப் பிள்ளைகள் 1,000 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 1934-ல் வெளியிட்டார்கள். 611 பேருக்கு ஏற்கனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரை டாக்டர்கள் பார்த்து 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். "தேவையில்லை" என்று ஒதுக்கிய 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினால், அதில் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள்! அதிலும் ஒதுக்கியவர்களை மூன்றாவது முறை காட்ட, கடைசியில் மிஞ்சியது வெறும் 65 பிள்ளைகள். அதாவது பார்க்கிற கண்ணைப் பொறுத்து முடிவு மாறியது. அதனால்தான் இப்போது, பார்வைக்குப் பெரிதாக இருக்கிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், எத்தனை தடவை வந்தது என்ற கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள்.

கணக்கு இதுதான். ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு 5 தடவை, அல்லது தொடர்ந்து மூன்று வருடம் வருடத்துக்கு 3 தடவை. ஒரு தடவை என்றால் லேசான கரகரப்பு கணக்கில் வராது. காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு அல்லது சீழ், கழுத்தில் வலியோடு நெறி, வேலைக்குப் போக முடியாத நிலை என்று வர வேண்டும். முதலில் பிள்ளைகளுக்காக வந்த கணக்கு இது. பெரியவர்களுக்கும் இதை ஒட்டித்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

நாம் சேமிப்புப் பாஸ்புக்கில் 50 ரூபாய்க்கும் கணக்கு வைத்திருக்கிறோம். உடம்புக்கு மட்டும் கணக்கே இல்லை. "அடிக்கடி வருது டாக்டர்" என்று சொன்னால் அவரால் என்ன முடிவு செய்ய முடியும்? மேலே சொன்ன உறுப்பினர் ஒவ்வொரு முறையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சீட்டை மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். இரண்டு வருடச் சீட்டு இருந்தது. டாக்டர் அதை எண்ணிப் பார்த்துத்தான் தேதி கொடுத்தார். அந்த மஞ்சள் பையை நான் இப்போது எல்லாக் குழுவிலும் உதாரணமாகச் சொல்கிறேன்.

எண்ணிக்கை பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கோர்த்துக்கொண்டால் ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலிக்கும், வாயைத் திறக்க முடியாது, எச்சில் வழியும், சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறும். இது அவசரம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு விடவே கஷ்டமாக இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரு பக்கத்து டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால், அதில் ஆறாத புண் இருந்தால், கழுத்தில் வலியில்லாத கட்டி மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், டான்சில் வீக்கம்தான் என்று நாமே முடிவு செய்யக்கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிற நம் மூத்த உறுப்பினர்கள் குறிப்பாகக் கேளுங்கள். புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு எடுக்கிற சதையைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். "பரிசோதனைக்கு அனுப்பினீங்களா டாக்டர், ரிப்போர்ட் எப்ப வரும்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

வாய் நாற்றம், டான்சில் குழிக்குள் வெள்ளையாகச் சோற்றுப் பருக்கை போலச் சேர்வது, சளி, இருமல், இதற்கெல்லாம் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்தாலே பலருக்குச் சரியாகும்.

மாத்திரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தொண்டை வலியில் பாதிக்கு மேல் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மெடிக்கல் ஷாப்பில் "தொண்டை வலிக்கு ரெண்டு வேளை மாத்திரை" என்று வாங்கிப் போடுவது வீண் செலவு. அதே சமயம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வந்தது என்று டாக்டர் சொல்லி ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், வலி போனதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். சரியாக வைத்தியம் பார்க்காத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண் சிலருக்கு, முக்கியமாக 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு, மூட்டு வீங்கி, பிறகு இதய வால்வு கெட்டுப்போகும் அளவுக்குக் கொண்டுவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதை நினைவில் வையுங்கள்.

எடுத்தால் பலன் உண்டா?

பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில், அடிக்கடி தொண்டை பழுக்கிற பெரியவர்கள் 453 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு டான்சிலை எடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். 2023-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு வருடத்தில் தொண்டை வலியோடு கழிந்த நாள், எடுத்தவர்களுக்கு நடுத்தரமாக 23, எடுக்காதவர்களுக்கு 30. ஆபரேஷனுக்குப் பின் வலிக்கிற நாளையும் சேர்த்தே இந்தக் கணக்கு என்பதால், பலன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100-க்கு 19 பேருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. எல்லாமே பெரிய கசிவு இல்லை. இருந்தாலும் ஐந்தில் ஒருவர் என்பது சின்ன எண்ணிக்கையா? "மூணு நாள்" என்று நான் சொன்னபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

ஆபரேஷனுக்கு முன்

ரத்தப் பரிசோதனையில் ரத்த அளவு, ரத்தம் உறைகிற நேரம், சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. நம் கூட்டத்தில் 20 பேர் உட்கார்ந்தால் பத்துப் பேருக்கு இருக்கும் என்று அர்த்தம். ரத்தம் குறைவாக உள்ளவருக்குக் கொஞ்சம் கசிந்தாலும் தாங்காது. அதனால் ரத்த அளவு குறைவு என்று தேதியைத் தள்ளிப்போட்டால் கோபப்படாமல் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு திரும்பிப் போங்கள். காயம் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும், மாதவிலக்கில் அதிகம் படும், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் இருக்கிறது, ஆஸ்பிரின் போடுகிறேன், நாட்டு மருந்து சாப்பிடுகிறேன், நாள் தள்ளிப் போயிருக்கிறது, பல் ஆடுகிறது, இவை எல்லாம் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டிய விஷயங்கள். பல் எதற்கு என்று கேட்பீர்கள். வாயைத் திறந்து வைக்கக் கருவி மாட்டுவார்கள், ஆடுகிற பல் விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடாது.

பெரியவர்களுக்கு இப்போது முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். வெளியே வெட்டு, தையல் எதுவும் கிடையாது. வாய் வழியாகவே டான்சிலை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும். "ஒரு வாய் காபிதானே" என்று குடித்துவிட்டு மறைக்காதீர்கள். மயக்கத்தில் அது வாந்தியாக வந்து நுரையீரலுக்குள் போகும்.

தனியார் மருத்துவமனைகளில் "நவீன முறை, ரத்தமே வராது" என்று அதிகப் பணம் கேட்பது உண்டு. கத்தி, கத்தரிக்கோல் வைத்துப் பிரித்து எடுப்பது பழைய முறை. மின்சாரச் சூட்டால் எடுப்பது, கோப்ளேஷன் என்ற கருவியால் எடுப்பது என்று வேறு முறைகளும் உள்ளன. இங்கிலாந்தில் 2003-04-ல் 30,000-க்கும் அதிகமான நோயாளிகளைக் கணக்கெடுத்ததில், பின்னால் வருகிற ரத்தக்கசிவு பழைய முறையில்தான் குறைவாக இருந்தது. அதற்காகப் புது முறை மோசம் என்று இல்லை, டாக்டரின் கைப்பழக்கமும் முக்கியம். ரத்தமே வராது என்று யாராவது உறுதி சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்கள், இந்த ஆபரேஷனுக்கு அந்த மருத்துவமனையில் செல்லுமா என்பதைச் சேருவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் தகராறுதான் மிஞ்சும்.

இரண்டு வாரம்: நாளுக்கு நாள் என்ன நடக்கும்?

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. பொறுமையாகப் படியுங்கள்.

முதல் இரண்டு நாள், "பரவாயில்லையே, தாங்குற மாதிரிதான் இருக்கு" என்று தோன்றும். உடனே வீட்டில் எல்லோரும் "சரியாயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை வலி கூடும். பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கு வலி அதிகம், ஆற நாளும் அதிகம். காதுக்குள் குத்தும். காதில் நோய் எதுவும் இல்லை. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு கிளை விடுவதால் தொண்டை வலி காதில் தெரிகிறது. எண்ணெய் காய்ச்சிக் காதில் விட வேண்டாம்.

டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும், வாய் நாறும். பார்த்ததும் சீழ் என்று பயந்துவிடுவோம். முட்டியில் அடிபட்டால் பொருக்குக் கட்டுகிறதே, அதேதான் இது. ஈரமான இடம் என்பதால் வெள்ளையாக இருக்கிறது. சுரண்டவோ துணியால் துடைக்கவோ கூடாது. இந்தப் பொருக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உதிரும். ஆபத்தான நாட்கள் இவைதான். ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் ரத்தம் வந்தால் மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்வார்கள். இந்த இரண்டாவது கசிவு நாம் வீட்டில் இருக்கும்போது, வேலைக்கும் போகத் தொடங்கியபோது வருகிறது.

வலி மாத்திரையை வலி வந்தபின் போடலாம் என்று வைத்திருக்காதீர்கள். டாக்டர் எழுதிய மணிக்கணக்குப்படி, ராத்திரியிலும், முதல் வாரம் முழுக்கப் போட வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் விழுங்குவது சுலபம். பாரசிட்டமால் எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கு மேல் சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை என்று கடையில் வாங்கிச் சேர்க்கக் கூடாது. அவற்றிலும் பாரசிட்டமால் இருக்கும், அளவு மீறினால் ஈரல் கெடும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், ரத்தம் உறையாமல் செய்யும்.

அடுத்தது சாப்பாடு. வலிக்கு பயந்து பட்டினி கிடப்பது நம்மவர்கள் செய்கிற பெரிய தவறு. விழுங்க விழுங்கத்தான் தொண்டைத் தசை இளகும், பட்டினி கிடந்தால் இறுகி வலி கூடும். தண்ணீர் மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். ஆறின கஞ்சி, கேழ்வரகுக் கூழ், தயிர் விட்டுக் குழைத்த சோறு, இட்லி, வாழைப்பழம், ஆறின பருப்புத் தண்ணீர் எல்லாம் சாப்பிடலாம். நன்றாக மென்று விழுங்கட்டும். முறுக்கு, அப்பளம், காய்ந்த ரொட்டி குத்தும். மிளகாய்க் காரம், எலுமிச்சை, புளிக்குழம்பு எரியும். ஆவி பறக்கிற காபி, ரசம் கூடாது. வெற்றிலை பாக்கு, புகையிலை அறவே கூடாது.

ஐஸ்கிரீம் பற்றி எல்லா வீட்டிலும் ஒரு சண்டை நடக்கும். "தொண்டையில ஆபரேஷன் பண்ணவளுக்கு ஐஸா? ஜன்னி வந்துடும்" என்று மாமியார் சொல்வார். குளிர்ச்சியால் ஜன்னி வராது. குளிர்ச்சி வலியை மரக்கச் செய்யும். வசதி இருந்தால் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பானைத் தண்ணீர் போதும், ஐஸ்கிரீம்தான் மருந்து என்றும் இல்லை.

இனி ரத்தம். துப்பும் எச்சிலில் புதுச் சிவப்பு ரத்தம் தெரிந்தால், அளவு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சின்னதாக வந்து நின்றுவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பெரிதாக வருவதும் உண்டு. அதனால் நின்றுவிட்டாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். படுக்க வைக்காமல் உட்கார வைத்து, முன்பக்கம் குனிந்து பாத்திரத்தில் துப்பச் சொல்லுங்கள். விழுங்கினால் எவ்வளவு போகிறது என்பது தெரியாது, வாந்தியும் வரும். தூக்கத்தில் திரும்பத் திரும்ப எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால் எழுப்பி டார்ச் அடித்துப் பாருங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதையும் உள்ளே வைக்காதீர்கள், சாப்பிடவும் கொடுக்காதீர்கள். மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கலாம். 108-ஐக் கூப்பிடும்போது "டான்சில் ஆபரேஷன் ஆகி இத்தனாவது நாள், ரத்தம் வருது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர் எல்லையில் சிக்னல் இல்லாத வீடு என்றால், ராத்திரியில் யாருடைய வண்டி என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசி வையுங்கள்.

காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, அப்போதும் டாக்டரிடம் போக வேண்டும். சந்தேகத்துக்கு 104 என்ற இலவச மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது. ஆனால் ரத்தம் வரும்போது ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத புண்

பிரசவம் ஆனால் "பச்சை உடம்புக்காரி" என்று சொல்லித் தாய் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால்கூட, குடம் தூக்காதே என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஏனென்றால் வயிற்றில் தையல் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். டான்சில் எடுத்தவரைப் பார்த்தால் கட்டும் இல்லை, தையலும் இல்லை. நன்றாக நடக்கிறார், பேச மட்டும் மாட்டேன் என்கிறார். "வாயிலதானே ஆபரேஷன், கைகால் நல்லாத்தானே இருக்கு?" என்ற பேச்சு நான் போன இரண்டு வீடுகளில் என் காதுபடவே வந்தது. தொண்டைக்குள் இரண்டு பக்கமும் ஐம்பது பைசா நாணயத்தைவிடப் பெரிய பச்சைப் புண் திறந்து கிடக்கிறது என்பதை யார் பார்த்தார்கள்? நான் வீட்டுக்குப் போகும்போது இப்போது டார்ச் கொண்டு போகிறேன். கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டு ஒரு முறை உள்ளே பார்க்கச் சொல்கிறேன். பார்த்த பிறகு ஒரு மாமியார் தண்ணீர்க் குடத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனார். நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அது நடந்திருக்காது.

இரண்டு வாரம் பாரம் தூக்கக்கூடாது, குனிந்து நாற்று நடக்கூடாது, வெயிலில் களை எடுக்கக்கூடாது, புகை அடுப்பின் முன் உட்காரக்கூடாது, மருத்துவமனைக்குத் தூரமான ஊருக்குத் திருவிழா என்று கிளம்பக்கூடாது. இவ்வளவையும் டாக்டர் ஒரே வார்த்தையில் "ரெஸ்ட்" என்று எழுதிக் கொடுப்பார். மாடு வைத்திருக்கிறவருக்கு ரெஸ்ட் என்றால், 14 நாள் புல் யார் அறுப்பது, 28 வேளை பால் யார் கறப்பது என்ற கேள்வி. கூலிக்குப் போகிறவருக்கு 14 நாள் கூலி. கடன் அதற்குத்தான். ஆபரேஷன் இலவசமாக நடக்கும், அதன் பிறகு வருகிற இரண்டு வாரம் இலவசம் இல்லை. அந்த உறுப்பினர் 15,000 கேட்டபோது அவர் மனதில் இந்தக் கணக்குத்தான் இருந்திருக்கிறது. நாங்கள் யாரும், "என்ன செலவுக்கு?" என்று அவரிடம் கேட்கவே இல்லை.

அவர் இரண்டாம் முறை மருத்துவமனையிலிருந்து வந்தபிறகு அந்தக் குழு கூடியது. நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் குரல் இன்னும் முழுதாக வரவில்லை, "விடுங்க மேடம்" என்று கையை மட்டும் அசைத்தார். அன்று எழுதிய தீர்மானம்: ஆபரேஷனுக்குக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் டாக்டர் எத்தனை நாள் ஓய்வு எழுதினார் என்பதைக் கேட்டுப் பதிவு செய்வது, அந்த நாட்களின் வருமானத்தையும் சேர்த்துக் கடன் தொகை முடிவு செய்வது, முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளி வைப்பது, அந்த நாட்களில் மாட்டுக்குப் புல் உறுப்பினர்கள் முறை வைத்து அறுத்துக் கொடுப்பது.

புல் விஷயத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தவணை விஷயத்தில் பிரதிநிதி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னிக்கு டான்சிலுக்கு ரெண்டு மாசம்னா, நாளைக்குப் பல்லு புடுங்குறதுக்கும் கேப்பாங்க. பேங்க்குக்கு நாம யாருகிட்ட தவணை சொல்றது?" என்றார். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. வருகிற கூட்டமைப்புக் கூட்டத்தில் இதைப் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் குழுவில் கடந்த இரண்டு வருடத்தில் யார் யாருக்கு எந்த ஆபரேஷன் நடந்தது, எத்தனாவது நாள் வேலைக்குப் போனார்கள், தவணை நின்றதா என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு ஊக்குநர்கள் வாருங்கள்.